51 கிலோவும் என் மருமகனும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை இன்னும் விறுவிறுப்பாக ஓட வைக்க இரண்டு வழிகள் உண்டு. எஞ்சினின் பலத்தைக் கூட்டலாம், அல்லது அந்த எஞ்சின் இழுக்க வேண்டிய பாரத்தைக் குறைக்கலாம். முதல் வழிக்கு நிறையக் காசு வேண்டும். இரண்டாவது வழியை ஒரு தராசு, ஒரு ஸ்பானர் பெட்டி, கொஞ்சம் பொறுமை இவற்றோடு தொடங்கிவிடலாம். லண்டனில் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கும் நான் எந்த வழியைத் தேர்ந்திருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

என்னுடையது 1972ஆம் ஆண்டு எம்ஜிபி, கூரையை மடித்து வைக்கக்கூடிய இரண்டு இருக்கைக் கார். இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை எம்ஜிபி செய்தார்கள். மூடிய கூரை கொண்ட ஜிடி வகையையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கும் மேல். அதனால் உதிரிப்பாகம் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. எஞ்சின் 1798 சிசி, அந்தக் காலக் கணக்கில் சுமார் 95 குதிரைவலு. இன்று ஒரு சாதாரணக் குடும்பக் காருக்கே அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

இந்த எஞ்சின் நம் ஆட்களுக்குப் புதிது இல்லை. ஊரில் ஓடிய மொறிஸ் ஒக்ஸ்போர்ட், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், இந்தியாவின் அம்பாசிடர் ஆகியவற்றில் இருந்ததும் இதே பி-சீரிஸ் குடும்பம்தான். அளவு மட்டும் வேறு. அப்பா முதல் தடவை பொனற்றைத் திறந்து பார்த்தபோது, "இது எங்கட ஊர் எஞ்சின் எல்லோ, இதுக்கு எதுக்கடா இவ்வளவு காசு குடுத்தனி?" என்றார். சண்டைக் காலத்தில் பெற்றோல் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின் கார்களைச் சில துளி பெற்றோலில் இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய கதையும் அன்று கிடைத்தது.

பாரத்தைக் குறைக்கப் போகிறேன் என்றதும் அப்பா இரண்டு கருத்துச் சொன்னார். ஒன்று, "பாரம் இருந்தால்தான் கார் றோட்டில நிக்கும்." இரண்டாவது, "காரைக் குறைக்க முன்னம் உன்ர வண்டியைக் குறை." எங்கள் வீட்டுத் தமிழில் வண்டி என்றால் வயிறு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. முதலாவதற்குப் பிறகு வருகிறேன். இரண்டாவதைப் பற்றி இங்கே மேலும் எழுதப்போவதில்லை.

முதலில் நிறுக்க வேண்டும்

இணையத்தில் பார்த்தால் எல்லோரும் உடனே கழற்றத் தொடங்குகிறார்கள். நான் செய்த முதல் வேலை நிறுத்தது. தெரிந்த ஒரு வேலைத்தலத்தில், நான்கு சில்லுகளுக்கும் கீழே தனித்தனியாக வைக்கும் தராசுகளை வாடகைக்கு எடுத்தேன். அரை டாங்கி பெற்றோலோடு 958 கிலோ. மொத்தப் பாரம் மட்டும் தெரிந்தால் போதாது. எந்தச் சில்லில் எவ்வளவு நிற்கிறது என்பதும் தெரிய வேண்டும். ஏன் என்று பிறகு புரியும்.

பிறகு ஓர் அட்டவணை போட்டேன். பகல் முழுக்க நிறுவனங்களின் பழைய மென்பொருட்களோடு மாரடிக்கிறவனுக்கு அட்டவணை போடாமல் எதுவும் வராது. நான்கு நிரல்கள்: பொருள், அதன் நிறை, அது ஏன் அங்கே இருக்கிறது, என்ன செய்வது. இவற்றில் மூன்றாவதுதான் முக்கியம். 20 வருடப் பழைய மென்பொருளில் தேவையில்லாதது போலத் தெரியும் ஒரு வரியை அழித்தால், மாத முடிவில் ஆயிரம் பேருக்குச் சம்பளம் போகாமல் நிற்கலாம். அந்த வரியை எழுதியவருக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். காருக்கும் அப்படித்தான். காரணம் தெரியாத எதையும் கழற்றுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

காரில் பாரம் எப்படிச் சேர்கிறது என்பதற்கு எம்ஜிபியே நல்ல உதாரணம். ஆரம்பத்தில் அதன் நிறை சுமார் 920 கிலோ. பொனற் அலுமினியத்தில் இருந்தது. பிறகு அதை இரும்புத் தகட்டில் செய்தார்கள். 1974இன் பிற்பகுதியில் அமெரிக்காவின் பம்பர் விதிகளுக்காக, மெல்லிய குரோம் பம்பருக்குப் பதிலாக உள்ளே இரும்பு வைத்த பெரிய கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. அதே விதிகளுக்காகக் காரின் உயரத்தையும் ஓர் அங்குலம் அளவில் கூட்டினார்கள். வளைவுகளில் கார் முன்பைவிடக் கூடுதலாகச் சாயத் தொடங்கியது. இவற்றைச் செய்தவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. ஒவ்வொரு கிலோவுக்கும் பின்னால் செலவு, சட்டம், பாதுகாப்பு என்று ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் இன்று என் காருக்குப் பொருந்துகிறதா என்பதுதான் என் கேள்வி.

51 கிலோ வந்த வழி

டிக்கியில் இருந்த பழைய ஆயுதங்கள், முன்னைய சொந்தக்காரர் பூட்டிய ஸ்பீக்கர், அம்பிளிபயர்: 11 கிலோ. கம்பளத்துக்குக் கீழே ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டியிருந்த தார்த் தகடுகளும், மழைநீரைக் குடித்து ஊறிப்போயிருந்த மெத்தைத் துணியும்: 9 கிலோ. டிக்கி மூடியின் மேலிருந்த சாமான் தாங்கி: 6 கிலோ. அந்தக் காலத்து எம்ஜிபியில் இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பற்றரிகள் இருக்கும். அவற்றை எடுத்துவிட்டு ஒரு 12 வோல்ட் பற்றரி வைத்ததில் 10 கிலோ. இரும்புச் சில்லு நான்கையும் அலோய் சில்லுகளாக மாற்றியதில், ஒன்றுக்கு 2 கிலோப்படி 8 கிலோ. இரும்புப் பொனற்றை எடுத்துவிட்டு, முதல் கார்களில் இருந்தது போன்ற அலுமினியப் பொனற் பூட்டியதில் 7 கிலோ.

மொத்தம் 51. இதில் முதல் 26 கிலோவுக்கு ஒரு சதமும் செலவாகவில்லை. பற்றரிக்குக் கொஞ்சம் போனது. சில்லும் பொனற்றும்தான் பர்சைக் கடித்தன. எப்போதும் இந்த ஒழுங்கில் போங்கள்: முதலில் இலவசக் கிலோ, பிறகு மலிவான கிலோ, கடைசியாக விலையுயர்ந்த கிலோ.

இதனால் என்ன கிடைத்தது? ஊரில் பௌதிகம் படித்த உங்கள் அம்மா, அப்பாவிடம் கேளுங்கள், விசை என்பது திணிவு பெருக்கல் ஆர்முடுகல் என்பார்கள். விசை மாறாமல் திணிவு குறைந்தால் ஆர்முடுகல் கூடும். கார் 958, நான் 80, மொத்தம் 1038 கிலோ. அது இப்போது 987. அதாவது 95 குதிரைவலு எஞ்சின் கிட்டத்தட்ட 100 குதிரைவலு எஞ்சின் போல இழுக்கும். ஐந்துதானா என்று சிரிக்காதீர்கள். எஞ்சினில் 5 குதிரைவலுவைக் கூட்டினால் அது ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டுமே உதவும். குறைந்த பாரம் பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் உதவுகிறது. அதே வேகத்தில் நிறுத்தும்போது பிரேக்குக்குப் போகும் சக்தி 5 வீதம் குறைவு. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாவதும் அதற்கேற்பக் குறையும்.

ஆனால் உச்ச வேகம் கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதைத் தடுப்பது பெரும்பாலும் காற்று. காற்றுக்கு உங்கள் நிறையைப் பற்றிக் கவலையில்லை.

அப்பா சொன்ன முதல் கருத்து இங்கேதான் வருகிறது. பாரம் கூடினால் ரயரின் பிடி கூடும் என்பது சரி. ஆனால் அது பாரம் கூடும் அதே வீதத்தில் கூடுவதில்லை, கொஞ்சம் பின்தங்கும். அதனால்தான் பாரம் குறைந்த கார் வளைவில் சற்று நன்றாகப் பிடிக்கிறது. இன்னொரு விதத்தில் அப்பா சொன்னது முழு உண்மை. பாரமான காரும் பாரம் குறைந்த காரும் மோதினால் பாரம் குறைந்ததில் இருப்பவருக்குத்தான் அடி அதிகம். இதை மறந்துவிட்டு இந்த விளையாட்டில் இறங்கக் கூடாது.

சில்லைப் பற்றி ஒரு கட்டுக்கதையும் உண்டு. சில்லில் குறைக்கும் ஒரு கிலோ, காரில் குறைக்கும் நான்கு கிலோவுக்கும் பத்துக் கிலோவுக்கும் சமம் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். உருளும் சில்லுக்கு முன்னே போகும் சக்தியும் வேண்டும், சுழலும் சக்தியும் வேண்டும். பாரம் முழுவதும் ரயரின் வெளி விளிம்பில் இருந்தால் இரண்டும் சமம். எனவே உச்சமே இரண்டு மடங்குதான். சில்லின் இரும்பு மையத்துக்குக் கிட்ட இருப்பதால் அதற்கு இன்னும் குறைவு. மேடுபள்ளத்தில் சில்லு நிலத்தை விடாமல் ஒட்டி ஓடுவது தனி லாபம். அதற்காகவே நான் காசு கொடுத்தேன், பத்து மடங்குக் கதையை நம்பி அல்ல.

எதைக் கழற்றவில்லை

அட்டவணையில் 'இருக்கட்டும்' என்று எழுதியவை: பக்கத்து இருக்கை, ஆசனப் பட்டிகள், இரும்புக் கதவுகள், முன் கண்ணாடி, ஹீட்டர், ஸ்பெயர் சில்லு. ஹீட்டரைக் கழற்றுபவர்கள் பலர். நல்ல பாரமான பெட்டி, அதுவும் காரின் முன்பக்கம். ஆனால் நவம்பர் மாத மழையில் முன் கண்ணாடியில் படியும் பனிப்புகாரை வேறு எது துடைக்கும்? கண்ணை மறைத்துவிட்டு வேகத்தை வாங்க முடியாது.

ஸ்பெயர் சில்லு இருப்பதற்கு இரண்டு காரணங்கள். நடு வழியில் நிற்க எனக்கு விருப்பமில்லை என்பது ஒன்று. மற்றது தராசு சொன்னது. நான் குறைத்ததில் பெரும்பகுதி காரின் பின்பக்கத்திலிருந்து போனது. எம்ஜிபியில் எஞ்சினின் பலம் போவது பின் சில்லுகளுக்கு. பின்பக்கத்தை மேலும் மேலும் இலேசாக்கினால் ஈர வீதியில் அந்தச் சில்லுகள் பிடிக்காமல் சுழலும். சில்லுக்குச் சில்லு நிறுத்ததால்தான் இது தெரிந்தது.

உலகத்தில் இதைப் பெரியவர்கள் எப்படிச் செய்தார்கள் என்றும் பாருங்கள். போர்ஷே 1973இல் விற்ற 911 கரேரா ஆர்எஸ் 2.7 காரின் சாதாரண வகை 1075 கிலோ, இலேசான வகை 960 கிலோ. மெல்லிய தகடு, மெல்லிய கண்ணாடி, பின் இருக்கை இல்லை, கடிகாரம் இல்லை, கதவை இழுக்க ஒரு நாடா. முன்னால் இருந்த உலோகச் சின்னத்துக்குப் பதிலாக ஸ்ரிக்கர்கூட ஒட்டினார்கள். ஆனால் பிரேக்கில் கை வைக்கவில்லை.

லோட்டஸை நிறுவிய கொலின் சப்மன் கட்டமைப்புப் பொறியியல் படித்தவர். ஒரு பாகம் இரண்டு வேலை செய்ய வேண்டும், தேவைக்கு மேல் ஒரு கிராமும் இருக்கக்கூடாது என்பது அவர் போக்கு. 1962இல் வந்த அவருடைய எலான் 700 கிலோவுக்கும் குறைவு. பாரம் குறைக்க நினைக்கும் எவருக்கும் அவர்தான் குரு. அதே கொள்கைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1969இல் பார்சிலோனாவில் நடந்த ஸ்பானியக் கிராண்ட் பிரீயில் லோட்டஸின் இரண்டு கார்களிலும் காற்றிறக்கை உடைந்தது. இருவரும் மோதினார்கள். ஓட்டியவர்களில் ஒருவரான யொகன் ரின்ட், கார்கள் இவ்வளவு பலவீனமாக இருக்கக் கூடாது என்று சப்மனுக்குக் கடிதம் எழுதினார். 1970 செப்டம்பர் 5 அன்று மொன்சாவில், லோட்டஸ் 72இன் முன் பிரேக் தண்டு உடைந்து கார் தடுப்பில் மோதி ரின்ட் இறந்தார். அந்தத் தடுப்பு ஒழுங்காகப் பொருத்தப்பட்டிருக்கவில்லை என்பதும் விசாரணையில் வந்தது. இறந்த பின் உலகச் சம்பியனான ஒரே போர்முலா வன் வீரர் அவர்தான்.

மருமகனின் கேள்வி

இதையெல்லாம் நான் எழுதக் காரணம் அக்காவின் மகன். வயது 19, பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். பத்து வருடப் பழைய சின்னக் கார் ஒன்று வைத்திருக்கிறான். என் கராஜில் பொனற்றின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கியவன் அவன்தான். ஒரு நாள் கைப்பேசியில் பட்டியல் அனுப்பினான். பின் இருக்கை, கம்பளம், கதவின் உட்தகடு, கடைசியில் காற்றுப்பைகள். அதே இரவு அக்காவும் அழைத்தாள். "நான் சொன்னால் கேக்கமாட்டான். நீ சொன்னால் கேப்பான். ஒருக்காக் கதைச்சுப் பார்." அவளுக்கு இருக்கிறது ஒரே பிள்ளை. அந்தப் பட்டியல் எப்படி அவள் கண்ணில் பட்டது என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை வந்தான். நான் பேசத் தொடங்க முன்னமே அவன் கேட்டான்: "மாமா, உங்கட காரில காற்றுப்பையே இல்லை. நீங்கள் ஓடலாம், நான் ஓடக் கூடாதா?"

நல்ல கேள்வி. "நீ சின்னப் பிள்ளை" என்று சொல்லி அடக்கியிருந்தால் அவன் தலையாட்டிவிட்டு அறைக்குப் போய்க் கழற்றியிருப்பான். அதனால் அட்டவணையைத் திறந்து, மூன்றாவது நிரலை அவனையே நிரப்பச் சொன்னேன். காற்றுப்பை ஏன் அங்கே இருக்கிறது?

இருவரும் சேர்ந்து தேடி வாசித்தோம். இன்றைய கார்களின் ஆசனப் பட்டி மோதும்போது முதலில் உங்களை இறுக்கிப் பிடிக்கிறது. பிறகு நெஞ்செலும்பு உடையாமல் இருக்க, அளந்து கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. அப்படி விட்டுக்கொடுக்கும்போது முன்னே வரும் தலையையும் நெஞ்சையும் தாங்குவதற்குத்தான் காற்றுப்பை. இரண்டும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு பாதிகள். ஒன்றைக் கழற்றினால் மற்றது தன் வேலையையே தப்பாகச் செய்யும். என் 1972 கார் அந்தக் காலத்துக்குத் தெரிந்த அளவு பாதுகாப்போடு வந்தது. அதிலிருந்து ஒரு துளியையும் நான் குறைக்கவில்லை. அதில் நெடுஞ்சாலையில் மழை இரவில் போவதுமில்லை. 40 வருடம் கடந்த கார் என்பதால் இங்கிலாந்துச் சட்டப்படி அதற்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. ஆனாலும் வருடா வருடம் கொண்டுபோய்க் காட்டுகிறேன். இதையும் அவனுக்குச் சொன்னேன்.

மீதியைச் சட்டம் பார்த்துக்கொண்டது. காற்றுப்பை எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அவன் கார் ஆண்டுச் சோதனையில் தேறாது. காரில் செய்யும் மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்காவிட்டால், விபத்து நடந்த அன்று காப்புறுதி கைவிடலாம். 19 வயதில் அவன் கட்டும் காப்புறுதிப் பணத்தை நினைத்ததும் முகம் மாறியது. பௌதிகத்தைவிட அதுதான் கூடுதலாக வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

"அப்ப ஒண்டும் கழட்டேலாதோ?" என்றான்.

டிக்கியைத் திறக்கச் சொன்னேன். ஒரு பெரிய சப்வூஃபர் பெட்டி. இரண்டு ஜிம் தட்டுகள். உடைந்த கூடாரம். போன வருடத்திலிருந்து கிடந்த தண்ணீர்ப் போத்தல் கட்டு. பாடப்புத்தகப் பெட்டி. குளியலறைத் தராசைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக நிறுத்தோம். 46 கிலோ. நான் மாதக் கணக்கில் உழைத்துக் குறைத்தது 51. அவன் ஒரு தேநீர் ஆற முன் அதற்குக் கிட்ட வந்துவிட்டான். சப்வூஃபரைக் கொடுக்க மட்டும் மனம் வரவில்லை. அதை அட்டவணையில் எழுதி, காரணம் என்ற இடத்தில் 'பாட்டு' என்று போட்டான். அது அவன் கார், அவன் முடிவு. யாருடைய உயிருக்கும் அதனால் ஆபத்தில்லை.

உங்களில் யாராவது இந்த வார இறுதியில் ஸ்பானரைத் தூக்க நினைத்தால், முதலில் டிக்கியைக் காலி செய்யுங்கள். ரயரின் காற்றழுத்தத்தைச் சரிபாருங்கள். பிறகு நிறுத்து, நான்கு நிரல் போட்டு, மூன்றாவதை நேர்மையாக நிரப்புங்கள். குறைத்து முடிந்ததும் ஸ்பிரிங் உயர்ந்து நிற்கும். சில்லுகளின் நேர்த்தியையும் மறுபடி பார்ப்பியுங்கள். பிரேக், ஆசனப் பட்டி, காற்றுப்பை, கதவு ஆகிய இந்த நான்குக்கும் ஸ்பானர் போக வேண்டாம்.

எம்ஜிபியின் பக்கத்து இருக்கையை நிறுத்துப் பார்த்தேன், 14 கிலோ. அதைக் கழற்றினால் இன்னும் ஒன்றரைக் குதிரைவலு கிடைத்த மாதிரி இருக்கும் என்று கணக்குச் சொல்கிறது. அடுத்த ஞாயிறு சறேயில் உள்ள பொக்ஸ் ஹில் மலைப்பாதையில் ஏறுகிறோம். போகும்போது அந்த இருக்கையில் அப்பா, திரும்பும்போது மருமகன். யார் வீட்டுக்கு ரெயினில் வருவது என்பதில்தான் இப்போது சண்டை.